சர்வரைப் படுக்க வைத்தவர்

சிரிப்பு நிச்சயம். ஆனால் மேனேஜர் தாண்டவமூர்த்தி முதலில் கத்தி முடிக்கட்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனி வெப்சைட் படுத்துவிட்டது. "எவனோ தாக்குறான்! சாயங்காலத்துக்குள்ள பிடி, தோப்புக்கரணம் போட வைக்கிறேன். பிடிக்கலைன்னா உனக்கு வேலை இல்ல!" என்று பயிற்சிக்கு வந்த மங்கையர்க்கரசியிடம் எகிறினார்.

யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைத்ததையெல்லாம் அவள் கோட்டு வரைபடங்களாக, ஒரு டாஷ்போர்டாக்கி டிவியில் ஓடவிட்டாள். ஒரே ஒரு கம்ப்யூட்டரின் கோடு மட்டும் கூரையை முட்டியது.

"ஆள் சிக்கிட்டார் சார். உங்க ரூம்லதான் இருக்கார். தொந்தி பெருசு."

மேனேஜர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "நானா?"

"தும்பிக்கையும் இருக்கு சார். நேத்து பூஜையில நீங்கதான் கீபோர்டு மேல உக்கார வச்சீங்க. அப்போலேர்ந்து நம்ம வெப்சைட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கிற ரெஃப்ரெஷ் பட்டனை விடாம அமுக்கிட்டிருக்கார்."

அறைக்குள் எட்டிப் பார்த்தவரின் கைகள் தாமாகவே காதுக்குப் போயின.