சிஸ்டரம்மா வீட்டு வேலி இடுக்கு

கதையைச் சொல்லும் வேலை என்னுடையது, தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது. அவசரப்படாமல் கேளுங்கள். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் இதில் தவறான ஆளைத்தான் பிடித்துக் கொடுத்தார்கள்.

ஏற்காட்டில் ஏரியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் தங்கபுஷ்பம் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் தனியாக இருந்தார். ஊருக்கெல்லாம் அவர் சிஸ்டரம்மா. மற்றதில் குருபாதம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு அவரும் தனி. இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே சிஸ்டரம்மா தன் செலவில் போட்ட மரவேலி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு இருக்கும். குரல் கேட்கும், ஆள் சரியாகத் தெரியாது.

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது சிஸ்டரம்மா அந்த இடுக்கு வழியாகப் பேசுவார். விலகாத பனி, ரோஜாவில் விழுந்த பூச்சி, மஸ்கட்டில் இருக்கும் மகன் போன் பண்ணாதது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பார். அந்தப் பக்கத்திலிருந்து "ஆமாங்க", "அப்படிங்களா" என்று பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவராகப் பேச்சை ஆரம்பித்ததும் கிடையாது. சிஸ்டரம்மாவுக்கு நாள் முழுக்க இருந்த பேச்சு அது ஒன்றுதான். ஆளில்லாத வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு சிஸ்டரம்மாவுக்குள் ஒரு சந்தேகம் புகுந்தது. நம் பேச்சு அவருக்குத் தொந்தரவு, மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தார். நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டு, அதற்கும் அவர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

வேலிக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம் வந்தது. சவரிநாதன் என்ற பெயிண்டரை வரவழைத்தார். அவர் இப்போதெல்லாம் பிரஷ்ஷைத் தொடுவதில்லை, ஸ்ப்ரே மெஷின்தான். இடுக்கு உள்ள வேலியில் மெஷினைப் பிடித்தால் பாதிப் பெயிண்ட் புகையாக அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்றார் அவர். அந்தப் பக்கம் ஓர் ஆள் பிளைவுட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் இடுக்குகளின் மேல் ஒல்லியான ரீப்பர் கட்டை வைத்து ஆணியடித்து மூடிவிட வேண்டும்.

"மூடிருங்க தம்பி. அந்தப் பக்கத்து சாருக்கு என் சத்தம் தொந்தரவா இருக்கு" என்றார் சிஸ்டரம்மா. பெயிண்ட் நெடி அவருக்கு ஆகாது. சொல்லிவிட்டு உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

சவரிநாதன் அளவெடுக்க அந்தப் பக்கம் போனார். அங்கே ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் தோட்டம் அது. நாற்காலியோ வேலியைப் பார்த்துப் போட்டிருந்தது. ரீப்பர் கட்டைகளைப் பார்த்ததும் குருபாதத்தின் முகம் மாறிவிட்டது. மூட வேண்டாம், பீன்ஸ் செடிக்குக் காற்று வரணும், பிளைவுட்டை நானே பிடிக்கிறேன் என்றார். சவரிநாதன் சுற்றிலும் பார்த்தார். பீன்ஸ் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இருந்தாலும் ஆணியடிக்கும் வேலை மிச்சம் என்று மெஷினைக் கையில் எடுத்தார்.

பச்சைப் பெயிண்ட் சீறிக்கொண்டு வந்தது. குருபாதம் பிளைவுட்டோடு ஒவ்வோர் இடுக்காக நகர்ந்தார். முழங்கை வரை பச்சையாகிவிட்டது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

ஆணியடிக்கும் சத்தமே கேட்கவில்லையே என்று சிஸ்டரம்மா மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். சார் மூட வேண்டாம் என்கிறார், காற்று வேண்டுமாம் என்றார் சவரிநாதன். சிஸ்டரம்மா வேலியின் அருகே போனார்.

"மூட வேண்டாங்களா சார்?"

தனியாக இருக்கும் ஆண், தனியாக இருக்கும் பெண்ணிடம், உங்கள் பேச்சைக் கேட்கத்தான் விடிகிறது என்று எப்படிச் சொல்வது? குருபாதம் பிளைவுட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்க வேலிங்க. உங்க இஷ்டம்."

இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று சிஸ்டரம்மா எதிர்பார்த்தார். "மூடிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பழைய பலகைகள் என்பதால் ஆணி இறங்கும்போது அதிர்ந்தன, அந்தப் பக்கம் யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. குருபாதமே பிடித்தார். கடைசி இடுக்கு மறையும்வரை பிடித்தார். அதன்மேல் சவரிநாதன் பெயிண்ட்டை அடித்து முடித்தார். வேலி சுவர் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். மூடச் சொன்ன சிஸ்டரம்மா, பிடித்துக் கொடுத்த குருபாதம், ஆணியடித்த சவரிநாதன். இந்த மூவரில் வாயைத் திறந்திருக்க வேண்டியவர் யார்?

விடை இது. சிஸ்டரம்மாவை விட்டுவிடுங்கள், அவர் தன் பங்குக்கு ஒரு வருஷம் பேசியாயிற்று. குருபாதத்தைக் கைகாட்டுகிறவர்கள்தான் அதிகம். எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு. ஆனால் சிஸ்டரம்மா ஏன் மூடச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கேட்டவர், இரண்டு பக்கமும் பார்த்தவர் சவரிநாதன் ஒருவர்தான். சாருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை, அவர் உங்கள் பேச்சைக் கேட்கத்தான் வேலியைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறார் என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. வேலைக்கு வந்த இடத்தில் நமக்கெதற்கு என்று மென்று விழுங்கிவிட்டார். மறுநாள் காலை குருபாதம், இன்று நாமே முதலில் பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வேலியருகே வந்து நின்றார். இந்தப் பக்கம் சிஸ்டரம்மாவும் நின்றிருந்தார், தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சத்தம் காட்டாமல். அவர் இன்னும் வரவில்லை என்று நினைத்துக் குருபாதம் உள்ளே போய்விட்டார்.