சோலைச்சி பேர் இருக்கும் கல்

"தாயி, உத்தரவு குடுங்க. அந்தக் கல்லை உடைக்கப் போறேன்."

தோளில் சம்மட்டியோடு வந்து நின்றார் வீரணன். கிணறு வெட்டுகிறவர், வயது அறுபத்திரண்டு.

அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பதுதான். மலையடி மடத்தில் பழைய கல்லெழுத்துப் படிக்கச் சொல்லித்தருகிறவள். குரு சின்னவள், சீடன் கிழவன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கல்லு பெரியவரே?"

"ராசா கல்லுதான். ஏரிக்கரையில நிக்குதே. வருசா வருசம் மாலை போட்டு, மேளம் அடிச்சு, எங்க ஊருப் பெருமைன்னு கும்பிடுறோமே, அதுதான்."

"நாளைக்கு அதுக்குத் திருவிழா ஆச்சே."

"அதனாலதான் இன்னிக்கே."

"அப்படி என்ன எழுதியிருக்கு?"

வீரணன் சம்மட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"ஏன் தாயி எனக்கு எழுத்துக் கத்துக்குடுத்தீங்க? தெரியாமலே செத்திருப்பேனே. மேல பதினெட்டு வரி ராசா புகழ். கடைசி ரெண்டு வரியில, சோலைச்சின்னு ஒருத்தியையும் அவ பெத்த நாலு பிள்ளைகளையும் அடிமையா வித்த கதை. வழிவழியா அடிமைன்னு வெட்டி வச்சிருக்கான்."

"யார் அந்தச் சோலைச்சி?"

"எங்க தெருப் பேரே அதுல இருக்கு. எங்க வீட்டுல தலைச்சன் பொண்ணுக்குச் சோலைச்சின்னுதான் பேரு. எங்க அத்தைக்கு அதான், என் மகளுக்கும் அதான். எந்தக் காலத்து வழக்கம்னு யாருக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு."

கிழவர் அழுதுவிட்டார். அவமானம் அப்படி.

"இந்தக் கையாலதான் முப்பது வருசமா அதுக்கு மாலை கட்டியிருக்கேன் தாயி!"

"உடைங்க," என்றாள் உலகம்மை. "நல்லா உடைங்க. அந்த ராசா பேரு வேற கல்லுல இருக்கா?"

"நாடு முழுக்க இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சோலைச்சி பேரு?"

வீரணன் சம்மட்டியை மெல்லத் தரையில் இறக்கினார்.

உலகம்மை கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி பேச மாட்டாள், சரியான அழுத்தக்காரி.

மறுநாள் ஏரிக்கரையில் மேளம் முழங்கியது. ஊர்த் தலைவர் நல்லமணி அம்பலம் கையில் ஆளுயர மாலையோடு நின்றார்.

"நம்ம வீரணனுக்கு எழுத்துத் தெரியுமாம். இந்த வருசம் அவரே படிக்கட்டும்!"

வீரணன் படித்தார். ராசா வென்ற ஊர்கள், பிடித்த யானைகள், குவித்த பொன். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று படித்தார். வரிக்கு வரி குலவை. பதினெட்டாவது வரி முடிந்ததும் அம்பலம் மாலையைக் கல்லின் உச்சியில் போட்டார்.

வீரணன் குனிந்தார். துண்டை உருவி, கல்லின் அடியில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். தொடர்ந்து படித்தார்.

"சோலைச்சியும், இவள் மகன் சாத்தனும்…"

"போதும்யா, நிறுத்து! நல்ல நாளும் அதுவுமா!" என்றார் அம்பலம்.

மேளம் நின்றது. வீரணன் நிறுத்தவில்லை.

"இவள் மகள் பூவியும், மகன் நம்பியும், கைக்குழந்தை பொன்னியும்…"

ஒரு பேரையும் விடவில்லை. ராசா பேரைச் சொன்ன குரலைவிட இந்தக் குரல் பெரிதாயிருந்தது. அடிமை என்ற சொல்லையும் விழுங்காமல் படித்தார்.

அம்பலத்துக்கு முகம் சிவந்தது.

"அடிமைப் பொம்பளை பேரை ராசா கல்லு முன்னால எதுக்குய்யா கத்துற? யாருய்யா அவ?"

வீரணன் நிமிர்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து அந்த ஊர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எங்க ஆத்தா," என்றார். "மாலையைக் கீழ இறக்கிப் போடுங்க."