மீன்காரம்மா கரடி பாக்கப் போன கதை

ஒரு கடலோரத்து ஊர்ல ஒரு மீன்காரம்மா இருந்தாளாம். பேரு தங்கபுஷ்பம். அவ தெருமுனையில கூவினா, கடைசி வீட்டுப் பூனைக்குக்கூட தூக்கம் கலைஞ்சிரும். ம் கொட்டிட்டே வா, இல்லன்னா நிறுத்திருவேன்.

அவளுக்கு ஒரே ஆசை. காட்டுல திரியுற கரடிய ஒரு தடவ கண்ணால பாத்துரணும். சந்தையில எல்லாரும் சிரிச்சாளுங்க. "ஒன் வாய்க்குக் கரடி எங்க நிக்கும்?" "பாத்துட்டுத்தான் வருவேன்"னு கிளம்பிட்டா.

அப்புறம் பஸ் ஏறி மலைக்குப் போனா. அங்க ஒரு பெரிய அணை. கரடி காட்ட ஆளுங்களக் கூட்டிட்டுப் போறவ பொம்மி. சின்னப் பொண்ணுதான், ஆனா காட்டுல அவ வச்சதுதான் சட்டம். "படகுல அக்கரைக்குப் போயி, அங்கருந்து நடக்கணும். பேசக்கூடாது. மூணு தடவ வாயத் தொறந்தா, திரும்பிப் படகுல போய் உக்காந்துக்கணும்." "இதென்ன பெரிய விஷயம்"னுட்டா தங்கபுஷ்பம்.

படகு சளக் சளக்னு போகுது. ஒரு மீன் துள்ளிச்சு, பொளக். "அடியே, கெண்டை!" "ஒண்ணு"ன்னா பொம்மி.

அப்புறம் எறங்கி நடந்தாங்க, சரக் சரக். கால்ல அட்டை ஏறிருச்சு. "எம்மாடி!" "ரெண்டு." கரடி பாக்கக் கூட வந்தவங்கள்ல ஒரு நெட்டை வாத்தியாரு, முன்னால போனவரு, திரும்பி முறைச்சாரு.

அப்போ பொம்மி ஒரு பாறை மறைவுல நின்னு கையக் காட்டினா. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கரடி, புத்தத் தோண்டி கரையான உறிஞ்சுது. ஸ்ஸ்ஸூப்... ஸ்ஸ்ஸூப்... எல்லாருக்கும் தெரியுது. கடைசியில நின்ன தங்கபுஷ்பத்துக்கு மட்டும் வாத்தியாரு முதுகுதான் தெரியுது. எக்கி எக்கிப் பாக்குறா, ஊஹூம். தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ பின்னால புஸ்... புஸ்... திரும்பினா, வந்த பாதையிலேயே இன்னொரு கரடி. முதுகுல குட்டி. மண்ண மோந்துக்கிட்டே வருது, ஆளுங்க நிக்கறது தெரியாம. கிட்ட வந்து திடுக்குனு பாத்துச்சுன்னா, பயத்துல பாஞ்சிரும். கத்தினா மூணாயிரும், படகுதான். கத்தலன்னா?

இடுப்புல கைய வச்சா, தெருவுல மீன் விக்கிற அதே குரல்ல கூவினா. "சாளேய்... அயிலேய்... நெத்திலியேய்ய்ய்!"

கரடி நின்னுச்சு. ரெண்டு கால்ல எழுந்து அவளப் பாத்துச்சு. அவளும் பாத்தா. நெஞ்சுல வளைஞ்ச வெள்ளக் கோடு, குட்டியோட ரெண்டு காது, எல்லாத்தையும் பாத்தா. அப்புறம் அது புஸ்ஸுனு மூச்சு விட்டுட்டு, நிதானமா புதருக்குள்ள போயிருச்சு.

ஓடைப்பக்கம் இருந்த கரடியும் ஓட்டம் எடுத்துச்சு. "கெடுத்தியேம்மா"ன்னாரு வாத்தியாரு. பொம்மி பாதையில இருந்த கால்தடத்தக் காட்டினா. அவங்க நின்ன எடத்துலருந்து பதினஞ்சடிகூட இல்ல. மனுசன் ரெண்டடி பின்னால நகந்துட்டாரு.

"மூணாயிருச்சே, நான் படகுக்குப் போறேன்"னா தங்கபுஷ்பம். "இது கணக்குல வராதுக்கா"ன்னு பொம்மி அவ கையப் புடிச்சுக்கிட்டா.

படகுல திரும்பி வரயில, "இப்பப் பேசுக்கா, எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா பொம்மி. தங்கபுஷ்பம் வாயத் தொறந்தா. ஒரு வார்த்த வரல. கண்ணெல்லாம் தண்ணி. கரை சேர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா, ஆயுசுலேயே மொத தடவையா.

கரடி புதருக்குள்ள, படகு கரையில, நீ போர்வைக்குள்ள. அவ்வளவுதான் கதை, கண்ண மூடு.