நடுவுல நின்ன முள்ளு

"ஆமா, கத்துனேன். இல்லைன்னு எங்கயாவது சொன்னேனா? ஆனா 'பேரு வாங்குறதுக்குக் கத்துது'ன்னு சொன்ன பாரு, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு. கண்ணாடிக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சொல்லாத. கீழ இறங்கி வந்து சொல்லு!"

இப்படி எகிறிக்கிட்டு இருந்தது ஒரு பேரிங். மூணாம் நம்பர் பிஸ்டனுக்கு அடியில, சுத்துற கிராங்குத் தண்டைக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருக்குற பேரிங். உள்ளங்கையில அடங்கிரும். அது எகிறுனது, இஞ்சினுக்குள்ள ஆயில் ஒழுங்கா ஏறுதான்னு காட்டுற ஆயில் பிரஷர் மீட்டரோட முள்ளைப் பார்த்து.

முள்ளு பதில் பேசல. அது நேரா யார்கிட்டயும் பேசாது. டேஷ்போர்டுல, கண்ணாடிக்குப் பின்னாடி, மீட்டருக்குச் சரியா நடுவுல நிக்கும். அது சொன்னதா ஹாரன்தான் வந்து சொல்லும்.

"முள்ளு சொல்லிருச்சு, எல்லாம் சரியா இருக்கு. எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க. பாம், பாம்!"

அது போடியில ஓடுற ஒரு டீசல் ஃபோர் வீல் ஜீப்பு. ஓட்டுறவரு மொக்கராசு. தினமும் விடியக்காலையில, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போற பதினாலு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு மலை ஏறும். சாயந்தரம் பத்திரமா இறக்கிக் கொண்டாந்து விடும்.

பத்து நாளா இஞ்சினுக்குள்ள 'டங்கு டங்கு'ன்னு ஒரு சத்தம். சும்மா நின்னா கம்மி. ஏத்தத்துல மிதிச்சா ஜாஸ்தி. சூடாயிருச்சுன்னா கேக்கவே வேணாம்.

"எனக்கும் கிராங்குக்கும் நடுவுல முடி அளவுக்காவது ஆயில் நிக்கணும்" பேரிங் மறுபடியும் ஆரம்பிச்சுச்சு. "பத்து நாளா சொட்டுதான் வருது. நான் தேஞ்சுக்கிட்டே இருக்கேன். ஒருநாள் கிராங்கைக் கவ்விக்குவேன், இஞ்சின் அங்கயே பூட்டிக்கும். ஊசி வளைவுல பூட்டிக்கிச்சுன்னா பதினாலு பேரு கதி என்ன?"

"உனக்கு மட்டும்தான் கஷ்டமா?" ஃபேன் பெல்ட் இழுத்துச்சு. "நானும்தான் கத்துவேன், காலையில ரெண்டு நிமிஷம். அப்புறம் பழகிரும்."

"நீ ஈரத்துல கத்துற. நான் வெந்து கத்துறேன். ரெண்டும் ஒண்ணா?"

"என்னைப் பாரு" ஃபோர் வீல் லீவர் நெஞ்சை நிமித்துச்சு. "சேத்துல மாட்டுனா வண்டியையே தூக்குறவன். ஒருநாளாவது மொனங்கியிருப்பேனா?"

"வருஷத்துக்கு நாலு நாள் வேலைக்கு வர்ற உனக்கெல்லாம் எதுக்குய்யா மொனங்கல்?"

கூரையில இருந்த ஸ்பீக்கர் மட்டும் அசரல. "அது கத்துனா நான் அதை விடச் சத்தமாப் பாடிருவேன், அவ்வளவுதானே?"

அப்படித்தான் பாடுச்சு. அன்னைக்குக் காலையிலயும் மலை ஏறும்போது மொக்கராசு பாட்டைத் திருகி வச்சாரு. பின் சீட்டுல இருந்த ஒச்சம்மா விடல.

"ஏப்பா மொக்கராசு, வண்டிக்குள்ள யாரோ உரலு இடிக்கிற மாதிரி இருக்கே?"

"அது பாட்டுல வர்ற மேளம்க்கா."

"ஒப்பாரிப் பாட்டுக்கும் அதே மேளம், கல்யாணப் பாட்டுக்கும் அதே மேளமா? பாட்டை நிறுத்து."

பாட்டு நின்னுச்சு. மேளம் நிக்கல. ஆறாவது வளைவுல பதினாலு பேரும் இறங்கிட்டாங்க.

"முள்ளு நடுவுலதான்க்கா நிக்குது, ஒண்ணும் ஆகாது" மொக்கராசு கெஞ்சுனாரு.

"அப்ப முள்ளையே ஏத்திட்டுப் போ" ஒச்சம்மா சேலையை இடுப்புல செருகிக்கிட்டு, மேல வந்த இன்னொரு ஜீப்புக்குக் கையைக் காட்டுச்சு.

வேற வழியில்லாம மொக்கராசு வண்டியைத் திருப்பி, இறக்கத்துல மெதுவா உருட்டி, காஜாமைதீன் பட்டறை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனாரு.

காஜா பாய் பேனட்டைத் திறந்து, இஞ்சினை ஓட விட்டு, கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாரு. அப்புறம் ஸ்பேனரை எடுத்தாரு. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் போற பைப்பு நட்டை ஒண்ணொண்ணா லூஸ் பண்ணுனாரு. ஒண்ணாம் நம்பர்: வண்டி உதறுச்சு, சத்தம் அப்படியே இருந்துச்சு. ரெண்டு: அப்படியே. மூணு: டங்கு டங்கு பொசுக்குன்னு அடங்குச்சு.

"மாட்டிக்கிச்சு!" ஹாரன் குதிச்சுச்சு. "மூணாம் நம்பர் இன்ஜெக்டர்தான் திருடன்!"

"யோவ், நானா?" இன்ஜெக்டருக்கு வேர்த்துப்போச்சு. "நான் டீசலைத் தெளிக்கிறேன், அது வெடிக்குது, பிஸ்டன் கீழ அடிக்குது. நான் நிறுத்துனா அடி நிக்குது, அடி நின்னா அழுகை நிக்குது. அடி வாங்குறது யாருன்னு போயிக் கேளுங்கய்யா!"

காஜா பாய்க்கு இதெல்லாம் கேட்டிருக்காது. ஆனா நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இஞ்சின் வயித்துல வச்சு, பிடியைக் காதுல வச்சாரு. மேல வச்சாரு. நடுவுல வச்சாரு. கடைசியில குனிஞ்சு, கீழ, மூணாம் நம்பருக்கு நேரா வச்சாரு.

பத்து நாள்ல முதல் தடவையா பேரிங் பக்கத்துல ஒரு காது வந்துச்சு. அது இருக்குற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்துச்சு. "ஆயில் வரல பாய்! ஆயில் வரல!"

காஜா பாய் காதை எடுத்தாரு. "நோவு கீழ இருக்கு மொக்கராசு. ஆயில் ஏறல போல."

"ஏறாம எங்க போகும் பாய்? முள்ளைப் பாருங்க, நடுவுல நிக்குது. ஒரு நாளும் இறங்குனதில்ல."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்!"

"சரி, வண்டியை ஆஃப் பண்ணு."

மொக்கராசு ஆஃப் பண்ணுனாரு. இஞ்சின் ரெண்டு குலுக்குக் குலுக்கி அடங்குச்சு.

"இப்ப முள்ளு எங்க நிக்குது?"

"நடுவுலதான் பாய்."

"வண்டியே ஓடல. ஆயில் பிரஷர் எங்கய்யா இருந்து வந்துச்சு?"

மொக்கராசு மீட்டரைப் பார்த்தாரு. காஜா பாயைப் பார்த்தாரு. கண்ணாடியில ரெண்டு தட்டுத் தட்டுனாரு. முள்ளு அசையல. ஹாரன் அன்னைக்குன்னு பார்த்து ஒண்ணும் சொல்லல.

காஜா பாய் தன்னோட மீட்டரை மாட்டி, வண்டியை மறுபடி ஓட விட்டாரு. அதோட முள்ளு எந்திரிக்கவே இல்ல. உடனே ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, அடியில படுத்து, ஆயில் தேங்குற சேம்பரைக் கழட்டுனாரு. உள்ள ஆயிலை உறிஞ்சுற இடத்துல ஒரு சல்லடை இருக்கும். அதோட வாய் நிறைய பசை.

"போன மாசம் இங்க கை வச்சது யாரு?"

"சேம்பர்ல ஆயில் கசிஞ்சுச்சு பாய். பைபாஸ்ல ஒருத்தன்கிட்ட விட்டேன். கசியவே கூடாதுன்னு சொன்னேன். பசையைத் தாராளமா அப்பி விட்டான்."

"தாராளமா அப்புனது பிதுங்கி உள்ள விழுந்து, இதோட வாயை அடைச்சிருச்சு. நல்லா கசியல போ!"

பேரிங் சல்லடையைப் பார்த்துச்சு. "ஏண்டா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" சல்லடையால இப்பவும் பேச முடியல. பாய் இன்னும் பசையைச் சுரண்டிக்கிட்டுத்தான் இருந்தாரு.

அப்புறம் பேரிங்கைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சாரு. மேல் பூச்செல்லாம் போயி, செம்பு நிறம் தெரிஞ்சுச்சு.

"பாரு, தோலு உரிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா கிராங்கும் காலி. இவன் கத்துனதால வண்டி பொழச்சுச்சு. ஆனா இவன் இனி ஆக மாட்டான்."

புது பேரிங் உள்ள போச்சு. பழசு, பட்டறை வாசல்ல இருந்த தகர டப்பாவுக்குப் போச்சு.

"மீட்டரையும் மாத்திருவோமா?" காஜா பாய் கேட்டாரு. "அது செத்துப் பல நாளாச்சு."

"இருக்கட்டும் பாய். முள்ளு நடுவுல நின்னா ஏறுறவங்களுக்கு ஒரு தைரியம்."

காஜா பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு.

மறுநாள் காலையில பட்டறை வாசல்லயே பதினாலு பேரும் ஏறுனாங்க. வண்டி பூ மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. ஒரு டங்கு இல்ல. ஒச்சம்மா கூட "இப்பத்தான்யா இது வண்டி"ன்னுச்சு.

ஹாரனுக்குக் குரல் திரும்பிருச்சு. "பாத்தீங்களா? எல்லாம் சரியா இருக்குன்னு முள்ளு முன்னாடியே சொல்லுச்சு!"

"ஆமாப்பா, சொல்லத்தான் செஞ்சுச்சு" ஃபேன் பெல்ட் தலையாட்டுச்சு.

"பொறுமை வேணும்ல" லீவர் கனைச்சுச்சு.

தகர டப்பாவுக்குள்ள, எண்ணெய்த் துணிக்கு அடியில இருந்து, தோலு உரிஞ்ச பேரிங் உருண்டு விளிம்புக்கு வந்துச்சு.

"ஏய் முள்ளு! என்னைத் தூக்கிப் போட்டதுக்கு நான் கேக்கல. தேஞ்சேன், போயிட்டேன். ஆனா ஹாரனை அனுப்பாத, கண்ணாடிக்குள்ள ஒளியாத. இந்தப் பதினாலு பேரு முன்னாடி நீயே வாயைத் திறந்து சொல்லு: நேத்து வண்டியே செத்துக் கிடந்தப்ப, யாரைக் காப்பாத்த நீ நடுவுல நின்ன?"