சுலைமான் நபியின் தாயார் சமாதி

"உஸ்தாத், இந்த அநியாயத்தைக் கேக்க ஆளே இல்லையா?"

பெஹ்சாத் உள்ளே வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். பாரசீகத்தின் பழைய ஆப்பு வடிவ எழுத்தைப் பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தவர். அவர் ‘உஸ்தாத்’ என்றழைக்கும் ஆசிரியை கௌஹர் அவரைவிட ஏழு வயது சின்னவர். அதனாலென்ன, படிப்பில் யார் பெரியவர் என்பது பெஹ்சாத்துக்கே தெரியும்.

"யார்மேல கோபம்?"

"அந்த ஊர்ப் பெண்கள்மேலதான். பாரசீகத்தையே ஆண்ட மாமன்னர் படுத்திருக்கிற சமாதி அது. இவங்க என்னடான்னா, சுலைமான் நபியோட தாயார் சமாதின்னு சாதிக்கிறாங்க! துணி முடியறாங்க, வேண்டிக்கிறாங்க. ஆம்பளை படியேறக் கூடாதாம். என்னையே விரட்டிட்டாங்க. என்னையே!"

ஒரு தாளை எடுத்து வைத்தார். ஆளுநரின் ஆணை. சமாதியைப் பூட்டிவிட வேண்டும், துணிகளையெல்லாம் அறுத்தெறிய வேண்டும், மன்னர் பெயரில் பலகை நட வேண்டும். அது மன்னர் சமாதிதான் என்று கௌஹர் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமையே எல்லாம் நடந்துவிடும்.

"தாராளமா போடறேன். அதுக்கு முன்னாடி மன்னரோட அரண்மனையிலேர்ந்து ஒரே ஒரு கல் கொண்டுவாங்க."

"இவ்வளவுதானே!"

அரண்மனை இருந்த இடம் சமாதியிலிருந்து கூப்பிடு தூரம். போய்ப் பார்த்தால் தூண்களின் அடிப்பாகம் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. மற்றபடி கோதுமை வயல்.

பெஹ்சாத் தேடிக்கொண்டே ஊருக்குள் நுழைந்தார். பொதுக் குளியலறை வாசற்படியில் ஆப்பு எழுத்து! மன்னர் பெயரில் பாதி, கால் பட்டுக் கால் பட்டுத் தேய்ந்திருந்தது.

பக்கத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் ஹைதரைப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா இதை இங்கே கொண்டுவந்து போட்டது?"

"எங்க தாத்தாதாங்க. அரண்மனைக் கல்லு. பாலத்துக்கும் அதான், மாட்டுக் கொட்டகைக்கும் அதான்."

"மன்னர் கட்டினதுன்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? மன்னர் செத்து எத்தனை காலமாச்சு! யார் வந்து கேக்கப்போறா?"

"அப்போ அந்தச் சமாதிக் கல்லை மட்டும் ஏன் விட்டுவெச்சீங்க?"

ஹைதர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன பேச்சுங்க பேசறீங்க! அது அம்மா சமாதி. கை வெச்சா எங்க வீட்டுப் பொம்பளைங்க சும்மா விடுவாங்களா?"

பெஹ்சாத் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கௌஹர் பேனாவை மையில் தோய்த்துத் தயாராக வைத்திருந்தார்.

"கல் எங்கே?"

பெஹ்சாத் கையை விரித்தார்.

"சரி, போகட்டும். கையெழுத்து எங்கே போடணும்?"

பெஹ்சாத் சட்டென்று தாளைப் பறித்துக் கசக்கினார்.

"பேனாவை மட்டும் கொடுங்க, உஸ்தாத். போய், சமாதியைக் காப்பாத்தி வெச்ச அந்தப் பெண்கள் பேரையெல்லாம் எழுதிக்கிட்டு வந்துடறேன்."