எயினனாரின் போர்வை

எயினனார் மலையேறும்போதே தீர்ப்பை முடிவு செய்துவிட்டுத்தான் ஏறினார். குரத்தியாரிடம் கேட்பதற்கு ஒரு சின்ன ஐயம் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டால் தூக்கம் வராது என்று வந்தாரே தவிர, மனத்தை மாற்றிக்கொள்வதற்காக வரவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் அவையின் தலைமை இருக்கையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். நெடும்பாறைக் குரத்தியாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சமணத் துறவி. மலைக்குகையில் தங்கி, தேடி வருகிறவர்களுக்கு அறநூல் கற்பிப்பவர். பெண் ஆசிரியரைக் குரத்தியார் என்று அழைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

கீழே ஊரையே அதட்டும் எயினனார், மேலே வந்ததும் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்பார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. அந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரின் மற்றக் குற்றங்களையெல்லாம் மன்னித்துவிடலாம்.

குரத்தியார் குண்டிகை என்னும் நீர்க்கலத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காரும். அதோ, அந்த உயரமான பாறையில்."

தை மாத வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. எயினனார் போர்வையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் ஏறி உட்கார்ந்தார்.

"அடிகளே, சான்று என்றால் என்ன?"

"பன்னிரண்டு வருஷம் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த சந்தேகமா?"

"நாளைக்குச் சொல்லப்போகிற தீர்ப்பால் வந்தது."

"சொல்லும்."

எயினனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவையில் பேசும் குரல் தானாகவே வந்துவிட்டது.

"குன்றன் என்று ஒருவன். அவன் வயலுக்கும் சேந்தி என்பவளின் வயலுக்கும் நடுவே ஓர் எல்லைக்கல். போன மாதம் ஒரு நாள் அந்தக் கல்லைக் காணோம். தேடினால் வாய்க்கால் தண்ணீருக்குள் கிடக்கிறது. குன்றன்தான் பிடுங்கிப் போட்டான் என்று சேந்தி முறையிட்டாள். கல் இல்லாவிட்டால் வரப்பைத் தள்ளிப் போடலாம் அல்லவா?"

"குன்றன் என்ன சொல்கிறான்?"

எயினனாருக்குச் சிரிப்பு வந்தது. "யாரோ கல்லை வாய்க்காலில் போட்டிருந்தார்களாம். இவன் எடுத்துப் பழைய இடத்தில் நடப் போனானாம். ஆள் அரவம் கேட்டதும், பழி தன்மேல் விழுமே என்று பயந்து மறுபடியும் தண்ணீரிலேயே போட்டுவிட்டு ஓடினானாம். எப்படிக் கதை?"

"பார்த்தவர்கள் உண்டா?"

"சாட்சி சொல்ல ஒருவர்கூட வரவில்லை. மற்றவர்களாக இருந்தால் அவனை விட்டுவிடுவார்கள். ஆனால் அடிகளே," எயினனார் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார், "நான் பார்த்தேன்."

குரத்தியார் தண்ணீர் வடிப்பதை நிறுத்தவில்லை.

"அவையில் சொன்னீரா?"

"எதற்குச் சொல்ல வேண்டும்? தீர்ப்புச் சொல்கிறவனே நான். நான் தலையசைத்தால் மற்ற நால்வரும் தலையசைப்பார்கள். எல்லைக்கல்லை அசைத்தவனுக்கு நிலம் போகும், குடும்பத்தோடு ஊரை விட்டும் போக வேண்டும். பாவம், நான்கு பிள்ளைகள், கடைசி இன்னும் தவழ்கிறது. அதனால்தான் கேட்க வந்தேன். வெளியிலிருந்து சான்று வரவில்லை. ஆனால் என் இரண்டு கண்ணும் கண்டிருக்கின்றன. இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

குரத்தியார் துணியை உதறி உலரப் போட்டார்.

"இறங்கி வாரும்."

"எங்கே?"

"பாறையிலிருந்து. இங்கே, கீழே வந்து நில்லும்."

எயினனார் இறங்கி வந்தார். அவர் இருந்த பாறையில் போய் உட்காருவார் என்று பார்த்தால், குரத்தியார் மயிற்பீலியால் தரையிலிருந்த எறும்புகளை மெல்ல ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரிலேயே அமர்ந்தார். பாறை காலியாகவே இருந்தது.

"கண்டதைச் சொல்லும்."

"விடிகிற நேரம். நான் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். மார்கழி பாருங்கள், பல்லெல்லாம் கிட்டித்துப் போகிற குளிர். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டிருந்தேன். கீழே வாய்க்கால் ஓரத்தில் குன்றன். கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். நான் கனைத்தேன். அவ்வளவுதான், தொப்பென்று தண்ணீரில் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான். கையும் களவுமாக! போடுவதற்கு முன்பே ஆள் நடுங்கிப் போயிருந்தான் அடிகளே. உடம்பெல்லாம் வேர்த்து, இடுப்புத் துணியிலிருந்து சொட்டச் சொட்ட நின்றான். குற்றம் செய்கிறவனுக்கு வேர்க்கத்தானே செய்யும்?"

அடித்துச் சொல்லி முடித்துவிட்டு, எயினனார் நிமிர்ந்து நின்றார்.

"நான் குன்றன் என்று வைத்துக்கொள்ளும்," என்றார் குரத்தியார். "உம்மைச் சில கேள்வி கேட்கிறேன்."

"கேளுங்கள்."

"ஐயா, நீங்கள் என்னைப் பார்த்தபோது கல் என் கையில் இருந்தது."

"இருந்தது."

"இன்னும் தண்ணீரில் விழவில்லை."

"இல்லை. பிறகுதான் போட்டாய்."

"என் துணி அப்போதே சொட்டியது."

"சொட்டியது. வேர்வை."

"ஐயா, அன்றைக்கு நீங்கள் எதைப் போர்த்தியிருந்தீர்கள்?"

எயினனார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். போர்வை என்று சொல்லும் முன்பே அன்றைய குளிர் நினைவுக்கு வந்தது; அந்தக் குளிரில் வேர்வை ஏது?

கீழே எங்கோ ஏற்றம் இறைக்கிற சத்தம் கேட்டது. அவர் தம் கண்ணுக்குள் அந்த விடியலை மறுபடியும் கொண்டுவந்து பார்த்தார். குன்றனின் முழங்கால் வரை வழிந்த நீர். கல்லின் அடியில் தொங்கிய பாசி. பாசிகூட இருந்ததே! ஒரு மாதமாக அது அவர் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாளைக்கு இந்நேரம் தவழ்கிற குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஊர் எல்லையைத் தாண்டியிருப்பாள்.

"அடிகளே," என்றார். "அவன் தண்ணீரிலிருந்து எடுத்திருக்கிறான். அவன் சொன்னது நிஜம். நல்லவேளை! நாளைக்கு இருக்கையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவனை விடுவித்துவிடுகிறேன்."

"எதை வைத்து?"

"நான் கண்டதை வைத்து."

"சற்று முன்பு எதை வைத்து அவனை ஊரை விட்டு அனுப்ப இருந்தீர்?"

எயினனார் காலியாக இருந்த பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் கண்டதை வைத்து."

குரத்தியார் குண்டிகையை நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.

"அப்படியானால் நான் என்னதான் செய்வது?"

"இப்போது எங்கே நிற்கிறீர்?"

"கீழே."

"நாளைக்கும் அங்கேயே நில்லும்."

"அவையிலா? சாட்சியாகவா?" எயினனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பன்னிரண்டு வருஷத்தில் நான் அந்த இருக்கையை விட்டு இறங்கியதே இல்லை. என் இடத்தில் யார் உட்காருவது?"

"ஒரு நாள் காலியாக இருந்தால் இருக்கை அழுதுவிடாது. மற்ற நால்வர் இருக்கிறார்களே. தலையசைக்க நீர் மேலே இல்லாவிட்டால் அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்."

"என்னை யார் கேள்வி கேட்பார்கள்?"

"குன்றன் கேட்பான்."

"அவனா? என்னைக் கண்டாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்."

"மேலே இருப்பவரைக் கண்டு ஒட்டிக்கொண்ட நாக்கு அது. சேந்தியும் கேட்பாள்."

"அவள் என்ன கேட்பாள்?"

"முதலில் இவனே கல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம், பிறகு பயந்து எடுத்திருக்கலாம், அது உமக்குத் தெரியுமா என்று கேட்பாள்."

எயினனார் யோசித்தார். விடியலை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் அதில் இல்லை.

"அதற்கு என்னிடம் பதில் இல்லையே."

"இல்லை என்று சொல்லும்."

"ஊர் சிரிக்கும், அடிகளே."

"சிரித்துவிட்டுப் போகட்டும்."

"அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் குடைந்து எடுப்பார்கள். அதற்குப் பிறகு என் சொல் நிற்குமா?"

"ஊரோடு சேர்ந்து நீரும் பாரும். சான்று என்றால் என்ன என்று கேட்க வந்தீரே, அது அப்போது தெரியும்."

எயினனார் கும்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினார். ஏறும்போது இருந்த மிடுக்கு இப்போது இல்லை. ஆனால் கால் தளரவும் இல்லை. நாளைக்கு முதலில் எதைச் சொல்வது, பாசியையா துணியையா என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்தடிகூடப் போயிருக்கமாட்டார்.

"எயினனாரே, உமது போர்வை."

திரும்பி வந்து எடுத்து, வழக்கம்போலத் தோளில் போடப் போனார்.

"அன்றைக்குப் போர்த்தியிருந்தது இதுதானா?"

"இதேதான்."

"நாளைக்கு இதை நீர் போர்த்திக்கொள்ள வேண்டாம்," என்றார் குரத்தியார். "குன்றன் கையில் கொடும். இதைக் காட்டி அவன் உம்மைக் கேட்கட்டும்."