புரிஞ்சுது சாமி

மலையடிவாரத்து ஆசிரமத்தில் சாமியிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் கையில் கத்தி இருக்க வேண்டும். பயந்துவிட வேண்டாம், காய் நறுக்குகிற கத்திதான். ஞாயிறு மதியம் அங்கே இருநூறு பேருக்குச் சாப்பாடு. காலையில் எல்லாரும் முற்றத்துக் கடப்பைக்கல்லைச் சுற்றி உட்கார்ந்து நறுக்குவார்கள். நறுக்கிக்கொண்டே கேட்பார்கள், சாமியும் நறுக்கிக்கொண்டே பதில் சொல்லுவார்.

இந்தச் சட்டத்திலிருந்து கனகவல்லிக்கு மட்டும் விலக்கு. அவள் கையில் போன் இருக்கும். சாமி பேசுவதை நான்கு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் பதிவு செய்கிறவள் அவள். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியை, வயது ஐம்பத்து மூன்று, சாமியைவிடப் பத்து வயது மூத்தவள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று பெயர் வாங்கியவள். பதிவு ஒவ்வொன்றுக்கும் தேதியும் தலைப்பும் போட்டு வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு அவள் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. மறுநாள் காலை கல்லூரி முதல்வரின் மேஜையில் வைத்துவிடுவது என்று முடிவு. சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கலாமே என்றுதான் வந்திருந்தாள். போனில் பதிவை அழுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"என்னால முடியல சாமி. முப்பது வருஷமா சாக்பீஸ் பிடிச்ச கை. இப்ப போர்டு நிறைய எழுதிட்டுத் திரும்பினா ஒரு முகம் தெரியல, அறுபது போன்தான் தெரியுது. போட்டோ எடுத்துட்டு, அழிங்க மேம், அடுத்ததை எழுதுங்கங்கறாளுங்க. மறுநாள் கேள்வி கேட்டா ஒருத்திக்கும் வாய் வரல. போட்டோவைப் பார்த்தியாடின்னா, பத்திரமா இருக்கு மேம்ங்கறா."

சாமி பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"முபீனான்னு ஒரு பொண்ணு. அவ ஒருத்திதான் நோட்டுல எழுதிட்டு இருந்தா. அவ ஒருத்திக்காகத்தான் நான் பாடமே எடுத்தேன்னு வெச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை அவளும் போனைத் தூக்கிட்டா. என்னடி இதுன்னு கேட்டா, வீட்ல போய்ப் பார்த்துக்கறேன் மேம்ங்கறா."

சொல்லும்போதே அவளுக்கு எரிச்சல் வந்தது. முப்பது வருஷத்து எரிச்சலும் சேர்ந்து வந்து நின்றது.

"இதுங்களைக் கொஞ்சம் பார்க்க வைக்க என்ன வழி சாமி? இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு லெட்டரைக் குடுத்துட்டு வந்துடறேன்."

சாமி கத்தியைக் கீழே வைத்தார். சாமானியத்தில் அதைக் கீழே வைக்கிற ஆள் இல்லை அவர்.

"இதையே முன்னாடி ஒரு தடவை கேட்டீங்களே டீச்சரம்மா."

"நானா? இல்லையே சாமி."

"போன ஆடிக்கு முந்தின ஆடி. அன்னைக்கும் பீன்ஸ்தான். உங்க போன்ல இருக்கும், பாருங்க."

கனகவல்லி தேடினாள். தேதி போட்டு வைத்திருந்ததால் உடனே கிடைத்தது. அதற்காக அவள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள், பாவம். பதிவை ஓடவிட்டாள்.

கத்திச் சத்தம் கேட்டது. அப்புறம் அவளுடைய குரல். "இதுங்களைக் கொஞ்சம் பார்க்க வைக்க என்ன வழி சாமி?" அதே வார்த்தை, அதே அலுப்பு. பிறகு கத்திச் சத்தம் நின்றது. நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஒரு காக்கை கத்தியது. திடீரென்று யாரோ "அடடா" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"புரிஞ்சுதா டீச்சரம்மா?" என்றது சாமியின் குரல்.

"புரிஞ்சுது சாமி," என்றது அவள் குரல்.

பதிவு முடிந்துவிட்டது.

என்ன புரிந்தது? கனகவல்லி எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்குப் போனில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்ததும், பதிவு நின்றுவிடப்போகிறதே என்று பழைய படங்களை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்ததும்தான் நினைவுக்கு வந்தன. சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டுச் சொர்ணம்தான் மனசு கேட்காமல் வாயைத் திறந்தாள்.

"சாமி சொம்புத் தண்ணியில விரலை நனைச்சு, இந்தக் கல்லு மேல எழுதினாருங்க. வெயில்ல கொதிச்சுக் கெடந்துச்சு கல்லு. காயறதுக்குள்ள பார்த்துடணும்னு அத்தனை பேரும் முட்டி மோதிக் குனிஞ்சோம். நீங்கதான் குனியல."

"என்ன எழுதினார் சொர்ணம்?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. நானே குனிஞ்சேன்."

கனகவல்லிக்கு முகம் கன்றிப்போனது. சாமி பக்கம் திரும்பினாள்.

"என்ன எழுதினீங்க சாமி?"

"அது அன்னைக்கே காஞ்சு போச்சு."

"இன்னொரு தடவை எழுதுங்களேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்."

சாமி பெருமூச்சு விட்டார். சொம்பைப் பக்கத்தில் இழுத்து விரலை நனைத்தார். கல்லுக்கு மேலே கொண்டுபோனார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கத்தியை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்கள்.

கனகவல்லியின் கை போனைத் தூக்கி, கேமராவைத் திறந்து, கல்லுக்கு நேராகப் பிடித்திருந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது.

விரல் கல்லைத் தொடவே இல்லை. சாமி அதைத் தோள் துண்டில் துடைத்தார். ஈரம் போன பிறகும் விடாமல் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சாமி, வீட்ல போய் நிதானமா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அது யார் சொன்ன வார்த்தை என்று அவளுக்கே உறைத்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அந்த லெட்டரைக் குடுங்க பார்ப்போம்," என்றார் சாமி.

எடுத்துக் கொடுத்தாள். சாமி வாய்விட்டுப் படித்தார்.

"கவனிக்க மனமில்லாதவர்களுக்குக் கற்பிக்க இனி என்னால் இயலாது. ஆகவே என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இன்னொரு முறை மனசுக்குள் படித்தார். நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாமி, அதை நாளைக்குக் குடுக்கணும்."

சாமி தன் கத்தியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி கல்லின்மேல் தள்ளினார். ஒரு பிடி பீன்ஸையும் அள்ளி அவள் முன்னால் போட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நானும் இப்படி ஒண்ணு எழுதிக் குடுத்துடணும்னுதான் நினைக்கறேன் டீச்சரம்மா. யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் தெரியல."